ஏழாம் நம்பர் தாளில் யார் பேர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பர்மாவில் தட்டோன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கேரளத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். படித்த பிறகு நாங்கள் ஐந்து பேர் கூடிப் பேசினோம். கோவில் வாசலில் சீட்டுப் பிடிக்கிற அதே ஐந்து பேர்தான். ஊரில் பையன்கள் பாதிப் பேர் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். நிலம் சும்மா கிடக்கிறது. என் தம்பியின் மூன்று ஏக்கரில் நெல் அறுத்ததும் உளுந்து போடலாம் என்று யோசனை.

சித்தப்பா ஒரே பிடியாக மறுக்கிறார். "கூட்டுப் பண்ணை எல்லாம் ஜெனரல் நேவின் ஆட்சிக் காலத்திலேயே பார்த்தாச்சு, நாடே நாசமாப் போச்சு" என்கிறார். தம்பி, "நிலத்துக்கான ஏழாம் நம்பர் தாள் என் பேரில் இருக்கு, நீ பயிர் வை, எனக்கென்ன" என்கிறான். அப்பா இறந்ததும் நிலம் அவன் பேருக்கு மாறியது. எனக்கும் பெரியக்காவுக்கும் பங்கு உண்டா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு பர்மியப் பெண்ணுக்கு அவள் அப்பா நிலத்தில் பங்கு வந்திருக்கிறது. எங்களுக்குக் கிடையாதா? கூட்டாகச் செய்தால் சரிப்படுமா?

உங்கள் வாசகி, தட்டோன்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

"நீ பயிர் வை, எனக்கென்ன" என்று உன் தம்பி சொன்னதை இரண்டு மூன்று தரம் படித்தேன். நல்ல பையனாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தப் பேச்சை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். அதனால் முதலில் என் அத்தை கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பெகு பக்கம். அத்தைக்கு நாலு ஏக்கர். 'அத்தைக்கு' என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். மாமாவுக்கு ரங்கூனில் டீக்கடை வேலை. அறுப்புக்குக்கூட எல்லா வருஷமும் வரமாட்டார். விதை எடுத்து வைப்பது, ஏருக்கு ஆள் பிடிப்பது, நடவுக்குப் பெண்களைக் கூட்டுவது, வியாபாரியிடம் விலை பேசுவது எல்லாம் அத்தை. 2012-இல் விவசாய நிலச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் நில அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். திண்ணையில் பாய் விரித்து, லப்பேயும் (ஊறப்போட்ட தேயிலை) தேநீரும் வைத்து உபசரித்தாள். குடும்பத் தலைவர் யார் என்று அந்த ஆள் அத்தையைப் பார்த்துத்தான் கேட்டார். வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கணுக்காலில் சேறுகூடக் காயவில்லை. மாமாவின் பர்மியப் பேரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவர் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட, திருத்தியும் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்படி மாமா பேரில் வந்த ஏழாம் நம்பர் தாளை நாலு வருஷம் கழித்து அவர் அடகு வைத்தார். யாரிடம், எதற்கு என்பதெல்லாம் வேண்டாம். அறுப்புக்கு ஆள் சொல்லப் போன இடத்தில்தான் அத்தைக்கு விஷயமே தெரிந்தது. அலுவலகத்தில் போய்க் கேட்டாள். "உங்கள் பேர் இதில் எங்கேயும் இல்லையே" என்று தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அவர்கள் சொன்னது நிஜம்.

இனி உன் பங்குக் கேள்வி. பதில் இனிக்காது. பர்மாவில் வாரிசு விஷயத்தை அவரவர் மத வழக்கப்படி தீர்க்கச் சொல்வது 1898-ஆம் வருஷத்து பர்மா சட்டங்கள் சட்டம், 13-ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது. பௌத்தர்களுக்கு பௌத்த வழக்கம். அதில் மகன், மகள் வித்தியாசம் கிடையாது. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து தேடியது இருவருக்கும் பொது. இந்துக்களுக்கு இந்து வழக்கம், அதுவும் மிதாக்ஷரா என்கிற பழைய சொத்து முறை. மகன் இருந்தால் மகளுக்குப் பங்கில்லை. நகையும் சீரும் போட்டு அனுப்பிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

இந்தியாவில் இதே வழக்கத்தை எத்தனை தரம் உடைத்துக் கட்டினார்கள்! விதவைக்குப் பங்கு கொடுத்த சட்டம் 1937 ஏப்ரல் 14-ஆம் தேதி வந்தது. பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தது அதே ஏப்ரல் 1-ஆம் தேதி. பதின்மூன்று நாளில் நம் பாட்டிகளுக்குக் கப்பல் தவறிவிட்டது. பிறகு 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம், தமிழ்நாட்டில் 1989-இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு, 2005-இல் அது நாடு முழுக்க. ஒன்றுகூட வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை. ராமநாதபுரத்தில் இருக்கிற உன் பெரியப்பா பேத்திக்குக் கிடைப்பதும் உனக்கில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பர்மியப் பெண்ணுக்குக் கிடைப்பதும் உனக்கில்லை. நம் பண்பாட்டைக் கட்டிக் காக்கிறோம் என்று மேடைக்கு மேடை பேசுகிற பெரியவர்கள் இதையும் சேர்த்துத்தான் காக்கிறார்கள்.

ஆனால் வாரிசுச் சட்டம் ஒன்று, உயிரோடிருப்பவர் மனமுவந்து எழுதிக் கொடுப்பது வேறொன்று. 2012 சட்டப்படி ஏழாம் நம்பர் வைத்திருப்பவர் நிலத்தை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், தானமாகக் கொடுக்கலாம். நிலம் கடைசியில் அரசாங்கத்துடையது, நம் கையில் இருப்பது உழுகிற உரிமை மட்டும் என்றாலும் இதெல்லாம் முடியும். அந்தச் சட்டம் பெண்ணுக்குக் கிடையாது என்று எங்கும் சொல்லவில்லை. கணவன் மனைவி இருவர் பேரையும் சேர்த்து எழுத வழி வைக்கவில்லை, அவ்வளவுதான். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் நாமே ஆண் பேரைச் சொல்லிவிடுவோம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன? 2016-இல் வந்த தேசிய நிலப் பயன்பாட்டுக் கொள்கையில் ஆண் பெண் சமத்துவத்துக்குத் தனிப் பகுதியே உண்டு. படிக்க நன்றாக இருக்கும்.

பேரில் என்ன இருக்கிறது, சோறு கிடைத்தால் போதாதா என்று உன்னைக் கேட்பார்கள். பர்மாத் தமிழர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், 1937 வாக்கில் அது 25 பங்கானது. அவர்கள் யாரும் ஏர் பிடிக்கவில்லை. தாளில் பேர் மாறியது, போதும். பிறகு 1948-லும் 1953-லும் வந்த நில தேசியமயச் சட்டங்களில் அது தாளிலேயே போயும் போனது. இறங்கி உழுத நம் கூலித் தமிழன் பேர் இரண்டு தாளிலும் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் நின்று நட்டவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஆய்வாளர்கள் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறக்குறைய 500 பெண்களிடம் விசாரித்து எழுதினார்கள். சொத்து எதுவும் இல்லாத பெண்களில் நூற்றுக்கு 49 பேர் புருஷனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலமும் வீடும் தன் பேரில் வைத்திருந்தவர்களில் 7 பேர். நிலம் இருந்தால் போக ஓர் இடம் இருக்கிறது என்று அடிக்கிறவனுக்கும் தெரியும்.

சரி, சித்தப்பாவிடம் வருவோம். அவரைக் கோபிக்காதே. நெல் மூட்டையோடு வரிசையில் நின்ற தலைமுறை. ஆனால் அவர் பார்த்தது கூட்டு விவசாயமில்லை. நேவின் காலத்தில் ஒவ்வொரு வீடும் தன் வயலைத் தானேதான் உழுதது. விளைந்ததில் ஏக்கருக்கு இத்தனை என்று தாவுன்ஜே என்கிற கட்டாய நெல்லை அரசாங்கம் சொன்ன அடிமாட்டு விலைக்கு அளந்தாக வேண்டும். அது 2003 வரை ஓடியது. ஊருக்கு ஊர் தமவாயம என்கிற கூட்டுறவுக் கடை வைத்து 'கூட்டுறவு' என்று பலகை எழுதியதால் சித்தப்பாவுக்கு அந்த வார்த்தையே கசக்கிறது. வழிப்பறியில் பறிகொடுத்ததைத் தருமம் செய்த கணக்கில் எழுதினால் தருமத்தின் மேல்தானே கோபம் வரும்.

கூட்டாக வேலை செய்வது நமக்குப் புதிதே இல்லை. பர்மியர்கள் லெச்சாலைக் என்கிறார்கள், நம் ஊரில் மாத்தாள் என்போம். இன்றைக்கு உன் வயலுக்கு நாங்கள் பத்துப் பேர், நாளைக்கு என் வயலுக்கு நீ. ஆண்கள் நாற்றுப் பறித்துப் போட, பெண்கள் வரிசை பிடித்து நடுவார்கள். யார் எத்தனை நாள் வந்தாள், யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்பது எங்கள் அம்மா தலைமுறைக்கு நோட்டு இல்லாமலே மனப்பாடம். விவசாய வங்கிக் கடனும் அப்படித்தான், ஐந்திலிருந்து பத்துப் பேர் குழுவாக ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். ஆக வேலைக்குக் கூட்டு, கடனுக்குக் கூட்டு. தாள் என்று வந்தால் மட்டும் தனி, அதிலும் ஆண் பேர். நீங்கள் ஐந்து பேர் செய்யப் போவதில் புதுசு என்றால், பேரையும் கூட்டாக எழுதப் போகிறீர்கள், அதுதான்.

கேரளத்தைப் பற்றி நான் போன தடவை கொஞ்சம் குஷியாக எழுதிவிட்டேன், இப்போது அடக்கி வாசிக்கிறேன். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் குழுத் திட்டத்துக்கு மாநில அரசின் பின்பலம் இருந்தது. வங்கிக் கடன், பயிற்சி, பஞ்சாயத்தின் ஆதரவு என்று எல்லாம் சேர்ந்துதான் குழுக்கள் நின்றன. அங்கே குழுக்கள் தனிக் குடும்பங்களைவிட நன்றாகச் சம்பாதித்தன என்று அகர்வாலின் ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வில் தெலங்கானாவின் பெண் குழுக்கள் விளைச்சலில் பின்தங்கியிருந்தன. நிகர வருமானத்தில் மட்டும் தனி விவசாயிகளுக்குச் சமமாக வந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது பணப்பயிரில் குழுக்கள் ஜெயித்தன, நெல் மாதிரியான தானியத்தில் அவ்வளவாக இல்லை. நல்ல நெல் வயலை எவன் குத்தகைக்கு விடுவான்?

அதனால்தான் உன் உளுந்து யோசனை எனக்குப் பிடித்தது. நெல் நிலத்தை வேறு பயிருக்கென்று மாற்ற அனுமதி வாங்க வேண்டும், அது பெரிய அலைச்சல். மழைக்கால நெல்லை அறுத்துவிட்டு ஈரம் காய்வதற்குள் பயறு தெளிப்பது ஊர் பூராவும் நடக்கிறதுதானே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நம் உளுந்தின் விலை டில்லியில் நிர்ணயமாகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் இறக்குமதி அளவு வைத்ததும் இங்கே விலை எப்படிச் சரிந்தது என்று உன் வீட்டிலும் நினைவிருக்கும். சென்னையில் இட்லிக்கு மாவு அரைக்கிறவர்களுக்கு அது எந்த ஊர் உளுந்து என்று தெரியாது. மூன்று ஏக்கரையும் அதற்கே கொடுக்காமல், ஒரு பகுதியில் உள்ளூர்ச் சந்தைக்குப் போகிற காய்கறி ஏதாவது வையுங்கள்.

இனி காரியம். தம்பியிடம் சொத்துக் கேட்டு இப்போதே சண்டைக்குப் போகாதே. குத்தகைச் சீட்டு கேள். மூன்று வருஷத்துக்கு, ஐந்து பேர் பேரும் போட்டு, குத்தகைத் தொகை எழுதி, ஊர்த் தலைவரைச் சாட்சி வைத்து. "அக்கா தம்பிக்குள் எதுக்கு எழுத்து" என்று அவனே சிரிப்பான். தம்பிக்காக இல்லை, நாளைக்கு வரப்போகிற தம்பி பெண்டாட்டிக்காகவும், கடன்காரனுக்காகவும் என்று சொல்லிவிடு. 2024-இல் கட்டாய ராணுவச் சேவை வந்த பிறகு எந்தப் பையன் எந்த ராத்திரி எந்த எல்லையைத் தாண்டுவான் என்று யாருக்குத் தெரியும்? அவனும் போய்விட்டால் உன் கையில் ஒரு சீட்டாவது இருக்க வேண்டும்.

ஐந்து பேருக்கும் மப்பொன்டின் என்கிற அடையாள அட்டை இருக்கிறதா, முதலில் அதைப் பார். நம் பெண்கள் பாதிப் பேர், கோவில் ரசீதில் ஒரு பேர், அட்டையில் பர்மியப் பேர், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பேர் என்று திரிகிறோம். சீட்டில் அட்டையில் உள்ளபடியே எழுது. ஒருத்திக்கு அட்டையே இல்லையென்றால் அவளை விட்டுவிடாதே, அட்டைக்கு எழுதிப் போடுகிற வேலையைக் குழுவே எடுத்துக்கொள்ளட்டும்.

வேலை நாள் கணக்கை நோட்டில் எழுதுங்கள், அம்மாக்கள் மாதிரி மனப்பாடம் வேண்டாம். வராதவள் ஆள் அனுப்பட்டும், இல்லையென்றால் அன்றைய கூலியைக் கட்டட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கட்ட வேண்டாம் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். அப்படி எழுதாததால்தான் எங்கள் ஊரில் ஒரு குழு இரண்டாம் வருஷமே பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. ஐந்து பேரும் ஒரே வீட்டு மருமகள்களாக இருந்தால் நான் வேண்டாமென்றே சொல்வேன், அடுப்படிச் சண்டை வரப்புக்கு வந்துவிடும். நீங்கள் சீட்டுப் பிடித்த கூட்டம் என்கிறாய். பணத்தில் ஒருத்தியை ஒருத்தி ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாகிவிட்டது, எனக்கு அதில்தான் நம்பிக்கை.

அத்தை இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்பாய். அதே நாலு ஏக்கரில், அடகு பிடித்தவனிடம், கூலிக்கு நடுகிறாள். அவளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமில்ல? தெரிஞ்சா தன் பேரை எழுதச் சொல்லு" என்றாள்.

மாசியில் உளுந்து பறித்ததும் எனக்கு இரண்டு படி எடுத்து வை. காசு கொடுத்துத்தான் வாங்குவேன். நோட்டில் வரவு எழுது.

அன்புடன்,
அக்கா