மலைப்பாதையில் ஆட்டோமேட்டிக் கார்: ‘எஸ்’ எப்போது போடலாம்?

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “பல வருடம் கிளட்ச் மிதித்து ஓட்டியவன் நான். இப்போதுதான் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார் வாங்கினேன். ஏலக்காய் வியாபாரம் என்பதால் கம்பம்மெட்டு ஏறிப் புத்தடி ஏலத்துக்கும், குமுளிக்கும் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. லிவரில் வழக்கமாக ஓட்டும் ‘டி’க்குக் கீழே ‘எஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ‘டி’யில் ஏறினால் ஒவ்வொரு வளைவு தாண்டியதும் வண்டி ஒரு கணம் இழுக்காமல் யோசிக்கிறது. ‘எஸ்’ போட்டால் நன்றாக இழுக்கிறது, ஆனால் இன்ஜின் உறுமுகிறது. இன்ஜின் கெட்டுவிடும், பெட்ரோலும் குடிக்கும் என்று மச்சான் பயமுறுத்துகிறார். எப்போதுதான் இதைப் போடுவது? இறங்கும்போது இரண்டொரு தடவை பிரேக் கருகிய வாடையும் வந்தது.”

மலை ஏறும்போது தாராளமாகப் போடுங்கள், அதற்குத்தான் அது பொருத்தம். மச்சான் சொல்வதில் பெட்ரோல் விஷயம் உண்மை, இன்ஜின் விஷயம் உண்மையில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அந்தக் கடைசி வரிதான். அதற்கு வருவதற்கு முன், ‘எஸ்’ போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

‘எஸ்’ என்றால் ஸ்போர்ட் மோடு. பெரும்பாலான கார்களில் அது இன்ஜினுக்குப் புதிதாகச் சக்தி எதையும் கூட்டுவதில்லை. இருக்கிற சக்தியை எப்போது, எவ்வளவு சீக்கிரம் தருவது என்பதைத்தான் மாற்றுகிறது. இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்று ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியை எவ்வளவு திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பல கார்களில் ‘எஸ்’ போட்டதும் அதே மிதிக்கு அது கூடுதலாகத் திறக்கும். இது ஒரு மாற்றம். இன்னொன்று கியர். ‘டி’யில் கம்ப்யூட்டரின் கண் எப்போதும் மைலேஜ் மேல். ஆர்.பி.எம். (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை) கொஞ்சம் ஏறியதுமே மேல் கியருக்குத் தாவிவிடும். ‘எஸ்’ஸில் கீழ் கியரை விடாமல் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் மிதித்தாலே இன்னும் கீழே இறங்கவும் செய்யும். சில கார்களில் ஸ்டீயரிங்கும் இறுக்கமாகும். விலை கூடிய சிலவற்றில் சஸ்பென்ஷனும் மாறும்.

இப்போது உங்கள் கம்பம்மெட்டு வளைவுக்கு வாருங்கள். கொண்டை ஊசி வளைவு வருகிறது, காலை எடுக்கிறீர்கள். ‘சரி, இவருக்கு இனி இழுவை வேண்டாம் போல’ என்று எடுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் மேல் கியரைப் போட்டுவிடுகிறது, அல்லது மேல் கியரிலேயே இருந்துவிடுகிறது. வளைவைத் திருப்பி, செங்குத்தான மேட்டில் திரும்ப மிதிக்கும்போது அந்தக் கியரில் இழுக்க முடியாது. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டு, கியரை இறக்கி, டர்போ இருந்தால் அதுவும் சுழன்று வேகம் பிடித்து, அப்புறம்தான் வண்டி நகரும். நீங்கள் சொல்கிற ‘யோசனை’ இதுதான். அடுத்த வளைவில் மறுபடி இதே கதை. ‘எஸ்’ஸில் வளைவு முடியும்போது சரியான கியர் ஏற்கெனவே விழுந்திருக்கும், அதனால் தடங்கல் இருக்காது. கிளட்ச் வண்டியில் வளைவுக்கு முன்பே இரண்டாம் கியர் போட்டுத்தானே திருப்புவீர்கள்? அதே வேலையைத்தான் ‘எஸ்’ செய்கிறது.

அதனால் மேடு தொடங்குவதற்கு முன்பே, சமதளத்தில் இருக்கும்போதே ‘எஸ்’ஸுக்கு மாற்றிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ‘டி’யிலிருந்து ‘எஸ்’ஸுக்கு மாற்றலாம், நிறுத்த வேண்டியதில்லை, பிரேக் மிதிக்கவும் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மாற்றினால் உதறாமல் போகும். வளைவின் நடுவில் மட்டும் லிவரைத் தொடாதீர்கள். ‘எஸ்’ஸில் காலை மெதுவாக வையுங்கள். ‘டி’யில் பழகிய அதே அழுத்தத்துக்கு இங்கே வண்டி எகிறும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற பாதையில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி எகிறினால் பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்திதான் வரும்.

உங்கள் கியர்பாக்ஸ் எந்த வகை என்று எழுதவில்லை. சி.வி.டி. என்றால் உள்ளே தனித்தனிக் கியர்கள் கிடையாது, பெல்ட் அல்லது செயின் மூலமாக விகிதம் நழுவிக்கொண்டே மாறும். அதில் ‘எஸ்’ போட்டால் ஆர்.பி.எம். மேலேயே நிற்கும், ஒரே சீரான இரைச்சல் கேட்கும். பயப்பட வேண்டாம், அதன் இயல்பு அது. கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை மலைக்கு மிகவும் தோதானது, நின்று நின்று ஏறினாலும் சங்கடப்படாது. டி.சி.டி. (இரட்டை கிளட்ச்), ஏ.எம்.டி. (சாதாரண கியர்பாக்ஸையே தானாக இயங்க வைத்தது) இரண்டிலும் உள்ளே நிஜமான கிளட்ச் இருக்கிறது. உங்கள் கால் மிதிப்பதை அங்கே ஒரு இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு வகைக்கும் ‘எஸ்’ஸைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் மேட்டில் வரிசையாக ஊர்ந்துதான் போக முடியும். பலரும் பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியை மேட்டில் பின்னால் போகாமல் நிறுத்தி வைக்கிறார்கள். கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. உரசி உரசிச் சூடேறும். பல கார்களில் குளிர்விக்க எண்ணெய் இல்லாத உலர் கிளட்ச்தான் வருகிறது. கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், சில வண்டிகள் நகரவே மறுத்துவிடும். ‘எஸ்’ போட்டாலும் இது தீராது. நெரிசலில் ‘டி’யிலேயே இருங்கள். பிரேக்கை அழுத்தி நில்லுங்கள். முன்வண்டி இரண்டு கார் நீளம் போகும்வரை காத்திருந்து, ஒரே மூச்சாக நகர்ந்து, மறுபடி பிரேக்கில் நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

ஓவர்டேக்குக்கும் ‘எஸ்’ உதவும். தேனியிலிருந்து கம்பம் வரும் சமதளச் சாலையில் முன்னால் வைக்கோல் லாரி போகிறது, எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் காலியாக இருக்கிறது என்றால், வெளியே எடுப்பதற்கு முன்பே ‘எஸ்’ போடுங்கள். கியர் இறங்கி இன்ஜின் தயாராக நிற்கும். ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால் ‘டி’யிலும் கியர் இறங்கத்தான் செய்யும், ஆனால் அதற்கு ஒரு கணம் பிடிக்கும். எதிரே பஸ் தலைகாட்டும்போது அந்த ஒரு கணம் பெரிது. தாண்டி முடித்து இடப்பக்கம் வந்ததும் ‘டி’க்குத் திரும்பிவிடலாம். மலைப்பாதை வளைவுகளில் ஓவர்டேக்கே வேண்டாம். காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே பறக்கும் ஜீப்புகள் மாலையில் அதே வேகத்தில் கீழே வரும். அவற்றோடு போட்டி போட ‘எஸ்’ தைரியம் கொடுக்கக்கூடும் என்பதுதான் எனக்கு அதன்மேல் இருக்கும் ஒரே வருத்தம்.

மழையில் ‘எஸ்’ஸை எடுத்துவிட்டு ‘டி’க்கு வந்துவிடுங்கள். ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று மட்டும் அடிக்கும், சாலை காய்ந்து கிடக்கும். மலை உச்சியைத் தாண்டியதும் கேரளப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த சாலையில் ‘எஸ்’ஸில் ஏறியவர் அதே மோடிலேயே ஈரச் சாலைக்குள் நுழைந்துவிடுவார். கூர்மையான ஆக்ஸிலரேட்டரும் திடீரென்று விழும் கீழ் கியரும் ஈரத்தில் டயரின் பிடியை இழக்கச் செய்யும். பின் சக்கரங்கள் இழுக்கும் பெரிய வண்டிகளில் இது இன்னும் ஆபத்து. குட்டிக்கானம் பக்கத்து மூடுபனிக்கும் இதே பதில்தான். ‘டி’யில், நிதானமாக.

காலையில் வண்டியை எடுத்ததும் உடனே ‘எஸ்’ போட வேண்டாம். ஆயில் சூடாகி எல்லா இடத்துக்கும் சீராக ஓடும்வரை மென்மையாக ஓட்டுங்கள். கம்பத்திலிருந்து மலையடிவாரம் வருவதற்குள் அது முடிந்துவிடும். குமுளியில் இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் குளிரில் கிளம்பும் நாளில்தான் இதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

மச்சானுக்கு இப்போது பதில் சொல்லலாம். பெட்ரோல் இன்ஜின் 3,500, 4,000 ஆர்.பி.எம்.மில் மேடு ஏறுவதற்காகவே செய்யப்பட்டது. ஆர்.பி.எம். மீட்டரில் இருக்கும் சிவப்பு எல்லைக் கோட்டைத் தாண்டவிடாமல் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கையாலேயே கியர் போடும் ‘எம்’ நிலையில் நீங்கள் தவறாகக் கீழ் கியர் கேட்டாலும், வேகம் அதிகமாக இருந்தால் கியர்பாக்ஸ் மறுத்துவிடும். ஆறாம் கியரில் 1,200 ஆர்.பி.எம்.மில் திணறிக்கொண்டு மேடு ஏறுவது உறுமிக்கொண்டு ஏறுவதைவிட இன்ஜினுக்குக் கெடுதல். பெட்ரோல் கூடுதலாகப் போவது சமதளத்தில்தான் வீண். தேனி சாலையில் ஒரே சீராக ஓடும்போது ‘எஸ்’ஸில் விட்டுவைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் எரிபொருள் போகும்.

இனி அந்தப் பிரேக் வாடை.

நீங்கள் ‘டி’யிலேயே மலை இறங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ‘டி’ மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்கும். கிளட்ச் வண்டியில் நீங்கள் இப்படி இறங்கியிருக்க மாட்டீர்கள். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலையில் ஓட்டும் எல்லா டிரைவருக்கும் தெரியும். ஆட்டோமேட்டிக் வந்ததும் அந்தப் பழக்கம் கைவிட்டுப் போகிறது. இறக்கத்தில் ‘எம்’முக்கு மாற்றி அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் சிறு நெம்புகோல் (‘பேடில்’) இருந்தால் அதை இழுத்து, இரண்டாம் கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில் இறங்குங்கள். கீழ் கியருக்கான ‘எல்’ இருக்கிற வண்டியில் ‘எல்’, ஹைபிரிட் வண்டியில் இறக்கத்துக்கான ‘பி’ (B). இவை எதுவும் இல்லை, ‘எஸ்’ மட்டும்தான் இருக்கிறது என்றால் ‘எஸ்’ போடுங்கள், ‘டி’யைவிட எவ்வளவோ மேல். வேகம் இஷ்டத்துக்குக் கூடும்போது மட்டும் பிரேக்கை நன்றாக அழுத்திக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவதுதான் பிரேக் பேடைக் கருக்குகிறது.

கீழ் கியரில் இன்ஜின் உறுமுவதைக் கேட்டுப் பெட்ரோல் போகிறதே என்று நியூட்ரலில் விட்டுவிடாதீர்கள். கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டால் இன்றைய இன்ஜின்கள் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில்தான் ஐடிலில் ஓட எரிபொருள் வேண்டும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதிமுறைகளே சொல்கின்றன. குறுகலான இடத்தில் நினைத்த மாத்திரத்தில் நிறுத்த உங்கள் பிரேக் சூடில்லாமல் இருக்க வேண்டும்.

மறுபடி வாடை வந்தால், அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி நிறுத்துங்கள். பார்க்கிங் ‘பி’ (P) போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுங்கள். கால் மணி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது நெளிந்துவிடும், விரிசலும் விடலாம். பெடல் மெத்தென்று உள்ளே போனால் வண்டியை அங்கிருந்து எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஆயில் கொதித்திருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கிவிடலாம். பழைய டாட் 3 என்றால் 205இலிருந்து 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். மழை மலையிலேயே ஓடும் உங்கள் வண்டிக்கு அதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு முறை வாடை வந்திருப்பதால், அடுத்த தடவை புத்தடி போவதற்கு முன்பே நான்கு சக்கரங்களையும் கழற்றி பேடுகளையும் டிஸ்க்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பேட் கண்ணாடி போலப் பளபளப்பாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.