அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பகை, தொலைக்காட்சி விளம்பரங்களில் ஏன் நகைச்சுவையாகிறது?

அந்தப் பகை ஏற்கெனவே பாதி வேடிக்கையாக இருப்பதே முதற்காரணம். 1897-இல் தொடங்கிய மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிகளின் மோதலை எடுத்துக்கொண்டால், போட்டி வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகப் பெயர்ப்பலகைகளில் எதிரணியின் முதலெழுத்தான 'எம்' சிவப்பு நாடாவால் குறுக்கே அடிக்கப்படுகிறது; இதற்குமேல் மிகைப்படுத்த விளம்பரக்காரருக்கு என்னதான் மிஞ்சும்?

விளையாட்டுத் தொலைக்காட்சியான இஎஸ்பிஎன் மிகைப்படுத்தவே இல்லை: இவ்விரு அணிகளின் சட்டைகளை அணிந்த காதலர் இருவர் முத்தமிடுவதைக் காட்டி, விளையாட்டு என்ற ஒன்று இல்லாவிட்டால் இக்காட்சி அருவருப்பாகத் தோன்றாது என்ற கருத்துள்ள வாசகத்தோடு நிறுத்திக்கொண்டது. என் பார்வையில் இதுவே சிறந்தது.

2018-இல் டாக்டர் பெப்பர் என்ற குளிர்பான நிறுவனம் தொடங்கிய 'ஃபேன்ஸ்வில்' விளம்பர வரிசையோ, ஊரே ரசிகர்களாக வாழும் ஒரு நெடுந்தொடரைப் போல நடித்துக்காட்டி, ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியின் முன்னாள் வீரர் பிரையன் பாஸ்வொர்த்தை அவ்வூரின் காவல் தலைவரான ஷெரீஃப் ஆக்கியது.