தாமானில் தெரு விருந்து வைத்தால் திருட்டு குறையுமா?

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சில மாதங்களுக்குள் மூன்று வீடுகளில் திருட்டு. அக்கம்பக்கத்தாரைக் கூட்டித் தெரு விருந்து வைத்தால் பாதுகாப்புக்கு நல்லது என்கிறார்கள். சாப்பாடு போட்டால் திருடன் வராமல் இருப்பானா? எப்படி நடத்துவது?

குறையும் என்பதுதான் என் அனுபவம். ஏன் என்று சொல்வதற்கு, எங்கள் தெருவில் விருந்து ஆரம்பித்த காரணத்தையே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேரா மாநிலம், சுங்கை சிப்புட்டில் ஒற்றை மாடி வரிசை வீடுகள் உள்ள ஒரு தாமான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். எதிர்வீட்டு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கிரில் கதவைத் திறந்து டிவி, சலவை இயந்திரம், கேஸ் சிலிண்டர், தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். அவசரமே இல்லை. நான் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மாறுகிறார்கள் போல என்று நினைத்தேன். சாயங்காலம் அந்த வீட்டு அம்மா வேலை முடிந்து வந்து அலறியபோதுதான் விஷயம் புரிந்தது.

நாலு வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். அவர் பெயர் எனக்குத் தெரியாது, எண்ணும் கிடையாது. லோரிக்காரர்களிடம் போய் "யார் நீங்கள்?" என்று கேட்கலாமே என்று தோன்றாமல் இல்லை. நமக்கென்ன உரிமை என்று நின்றுவிட்டேன். அந்தத் தையல் மெஷின் அவருடைய அம்மா வைத்திருந்தது என்று பிறகு தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு சரியில்லாமல் போகும்.

அதனால் சொல்கிறேன், விருந்தில் உங்களுக்குக் கிடைப்பது கேட்கும் உரிமை. ஒரு தடவை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு, "அக்கா, உங்கள் வீட்டு வாசலில் யாரோ நிற்கிறார்கள், தெரிந்தவர்களா?" என்று போன் போடக் கூச்சம் இருக்காது. இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று 1997இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் நம்பி, தப்பு நடந்தால் தலையிடவும் தயாராக இருக்கும் பகுதிகளில் வன்முறை குறைவு என்று அது சொல்கிறது. வெறும் புன்னகை போதாது, தலையிடவும் வேண்டும். நான் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பால்மரக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டிலேயே, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும்போதே, இன்று யார் வரவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் அடுத்த வீட்டுப் பாட்டி எழுந்து வருவார். அந்த வாழ்க்கையில் வறுமையும் குடியும் அடிமைத்தனமும் இருந்தன, அதற்காக நான் ஏங்கவில்லை. ஆனால் தோட்டம் விற்கப்பட்டு, ஆளுக்கொரு திசையில் தாமானுக்கு வந்து, கிரில்லும் பூட்டும் போட்டுக்கொண்ட பிறகு, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போய்விட்டது. லயத்தில் தானாக இருந்ததைத் தாமானில் நாமாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இதற்கென்றே ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு 1975இலிருந்து இருக்கிறது. அப்போது அவசரகால விதிமுறைகளின் கீழ் ஆண்கள் முறைபோட்டு இரவுக் காவலுக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது அதற்கு 2012இல் வந்த தனிச் சட்டம் உண்டு, ரோந்து போவதும் விருப்பத்தின் பேரில்தான். உங்கள் பகுதியில் ருக்குன் தெத்தாங்கா இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். மேசை, நாற்காலி, கூடாரம் அவர்களிடமே கிடைக்கலாம். போலீஸ்காரரையும் போம்பாவையும் (தீயணைப்புப் படையையும்) அழைப்பதும் அவர்கள் மூலம் சுலபம்.

அனுமதி விஷயம். பண்டிகைக்காலத் திறந்த இல்ல உபசரிப்புக்கு, 2012 அமைதிப் பேரணிச் சட்டத்தின்படி போலீஸுக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை. ரோட்டை அடைப்பது வேறு. அதற்கு ஊராட்சி மன்றத்திடமும் போலீஸ் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். நாங்கள் அந்தச் சிரமமே வேண்டாமென்று விளையாட்டுத் திடலில் வைத்தோம்.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எங்கள் தெருவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் மூன்று பேரும் உண்டு. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டு வாருங்கள் என்றால், மலாய்க் குடும்பங்கள் மரியாதைக்கு வந்து ஒரு வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சேர்ந்து சாப்பிடாவிட்டால் விருந்து எதற்கு? அதனால் சோறும் கோழியும் ஹலால் சமையல்காரரிடம் சொல்லிவிட்டோம். வீட்டிலிருந்து வருவது வடை, கேசரி, பழம், கச்சான் என்று சைவமாக மட்டும். மாட்டிறைச்சி வேண்டாம் என்று மாக்சிக் (மலாய்க்கார அம்மா) ஒருவரே முதலில் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து மஃரிப் தொழுகைக்கு முன் சாப்பாட்டை முடித்துவிடுவோம். பாங்கு சொல்லும்போது ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவோம். நோன்பு மாதத்தில் வைக்க மாட்டோம்.

மது கூடவே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. ஒரு பாட்டில் திறந்தால் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், பெரியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். மிஞ்சுவது சத்தம்தான்.

பாதுகாப்புப் பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வந்த போலீஸ்காரர் இரண்டு விஷயம் சொன்னார். பெண்கள் நடந்து போகும்போது எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும், பை ரோட்டுப் பக்கம் தொங்கக் கூடாது. இன்னொன்று, சந்தேகப்பட்டு யாரையாவது பிடித்தால் கை வைக்கக் கூடாது, தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். இளைஞர்கள் இருக்கும் தெருவில் இரண்டாவதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தப்பான ஆளை அடித்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்த வருடம் போம்பா வந்து கேஸ் சிலிண்டரில் எரியும் நெருப்பை ஈரச் சாக்கால் மூடி அணைத்துக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. அன்று அவர்கள் கேட்ட ஒரு கேள்வி எல்லாரையும் யோசிக்க வைத்தது: "இரவில் உங்கள் கிரில் சாவி எங்கே இருக்கும்?" பாதிப் பேருக்குப் பதில் இல்லை. திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு, தீப்பிடித்தால் நம்மையே உள்ளே அடைத்துவிடும். இப்போது எங்கள் வீட்டில் சாவி கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கைக்கு எட்டாத ஆணியில் தொங்குகிறது. கடைக்குட்டிக்கும் தெரியும்.

விருந்து முடிவதற்குள் ஒரு தாள் தயாராக வேண்டும். தெருவின் படம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர், ஒரு போன் எண், கீழே 999உம் உள்ளூர் போலீஸ் நிலைய எண்ணும். தனியாக இருக்கும் முதியவர், இரவு வேலைக்குப் போகிறவர், இவர்களைப் பற்றிய குறிப்பைத் தாளில் எழுதாதீர்கள். தவறான கையில் போனால் ஆபத்து. அது பக்கத்து வீட்டாருக்கு வாய்மொழியாகத் தெரிந்தால் போதும். வாட்ஸ்அப் குழுவும் வைத்திருக்கிறோம், ஆனால் அதில் காலை வணக்கப் படங்கள் குவிந்து முக்கியமான செய்தி அடியில் போய்விடுகிறது. ஆபத்து நேரத்தில் எழுதாதீர்கள், கூப்பிடுங்கள்.

"யாரும் வர மாட்டார்கள்" என்று உங்களிடம் சொல்வார்கள். எங்களுக்கு முதல் தடவை 42 வீடுகளில் 17 வீடுகள்தான் வந்தன. அன்று மிஞ்சிய சாப்பாட்டைக் கட்டி, நானும் எதிர்வீட்டு அக்காவும் வராத வீடுகளுக்கு எடுத்துப் போனோம். விருந்தைவிட அதுவே பெரிய வேலை என்று இப்போது நினைக்கிறேன். படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தா, கடை மூடிவிட்டு இரவு பத்துக்கு மேல் வரும் சீனக் குடும்பம், யாரும் அழைக்கவில்லை என்று கோபத்தில் இருந்த ஒரு மாமி.

கடைசியாக, மூலைக்கு முன்வீடு. தொழிற்சாலையில் வேலை செய்யும் நேப்பாள இளைஞர்கள் எட்டுப் பேர் வாடகைக்கு இருந்தார்கள். திருட்டு என்ற பேச்சு வந்தாலே எங்கள் தெருவில் கை நீளும் வீடு அது. நானும் நீட்டியிருக்கிறேன். கதவைத் தட்டியபோது அவர்கள்தான் பயந்துபோனார்கள். சாப்பாட்டைக் கொடுத்து, தெரிந்த மலாயில் பேசி, ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த ஜனவரியில் ஓர் இரவு, மூன்று மணிக்கு என் போன் அடித்தது. அந்த வீட்டுப் பையன். வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்கியவர், எதிர்வீட்டு மதில்மேல் ஒருவன் ஏறுவதைப் பார்த்திருக்கிறார். நான் விளக்கைப் போட்டு அக்காவைக் கூப்பிட்டேன், அவர் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் தெருவில் பத்து வாசல் விளக்குகள் எரிந்தன. மதிலில் இருந்தவன் குதித்து ஓடிவிட்டான். அந்தப் பையன் ரோட்டில் நின்று, போலீஸ் வரும்வரை வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்.