உயர்தரத்துக்கு ஆங்கில மொழிமூலமா? ஒரு தாய்க்குப் பதில்

சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 'எஸ்' (சாதாரண சித்தி) எடுத்த மகளை உயர்தர உயிரியல் பிரிவில் ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. மாற்ற வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடங்களின் இசட் புள்ளிதான் (மற்றப் பரீட்சார்த்திகளின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரும் புள்ளி) கணக்கு. தமிழில் விளங்கிப் படித்த பிள்ளை, கட்டுரை வினாவுக்கு ஆங்கில வசனம் தேடிக்கொண்டிருந்தால் தெரிந்த விடைக்கே புள்ளி போய்விடும். பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது என்பதால் பலர் இரண்டு வருடம் ஆங்கிலத்தைத் தொடுவதே இல்லை. பிறகு மருத்துவ பீடத்தின் முதல் விரிவுரையில் திணறுகிறார்கள். அங்கே எல்லாம் ஆங்கிலம்.

உங்கள் பயம் நியாயமானது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் வருகிறது. சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயம். இலங்கை அரசியலமைப்பிலும் அது இணைப்பு மொழி. ஆனால், உலகில் ஆங்கிலம் பேசுவோரில் அதிகமானவர்களுக்கு அது தாய்மொழி அல்ல. எனவே லண்டன் உச்சரிப்புக்காக வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். தெளிவாகப் பேசினால் போதும்.

இப்போதே நாளுக்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்கட்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 10, 11 விஞ்ஞானப் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படித்து முடித்த பாடத்தையே ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். விஷயம் தெரிந்திருப்பதால் மொழி மட்டுமே புதிது. ஒரு பந்தியை வாசித்து, புத்தகத்தை மூடி, ஐந்து வசனம் எழுதி, மூலத்துடன் ஒப்பிட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வழமையாகத் தவறுவது இரண்டு இடம்: பெயர்ச்சொல்லுக்கு முன் 'a', 'the' விடுபடும், படர்க்கை ஒருமை எழுவாயின் நிகழ்கால வினையில் 's' விடுபடும். சிவப்புப் பேனையால் இவற்றை மட்டும் திருத்தினாலே எழுத்து மாறுவது தெரியும்.

மிச்ச நேரம் கேட்பதற்கு. மூன்று நிமிட விரிவுரைத் துண்டு ஒன்றை முதலில் எழுத்தில்லாமல், அடுத்துக் குறிப்பெடுத்தபடி, கடைசியில் எழுத்துவடிவத்தைப் பார்த்தபடி கேட்க வேண்டும். ஸ்போக்கன் வகுப்புகளில் பெரும்பாலும் உரையாடல் மனப்பாடம்தான். விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் பழக்கம் அங்கே வராது. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையே வரும் மாதங்களில் இதை நாளுக்கு இரண்டு மணித்தியாலமாகக் கூட்டுங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ் இப்போது வேண்டாம். அதன் பெறுபேறு இரண்டு வருடத்துக்கே பொதுவாக ஏற்கப்படும். பட்டம் முடிக்கும்போது காலாவதியாகியிருக்கும். வெளிநாட்டு விண்ணப்பம் உறுதியானதும் எழுதட்டும். அப்போது எழுத்துப் பகுதியில் 250 சொல் கட்டுரைக்கு 40 நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். 150 சொல் கேள்வியைவிட அதற்கு இரு மடங்கு மதிப்பு.