இரை எடுக்க மறுக்கும் சோளப்பாம்புக் குட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் வளர்க்கும் சோளப்பாம்புக் குட்டி (corn snake, நஞ்சற்ற அமெரிக்கப் பாம்பு) முட்டையிலிருந்து வெளிவந்து ஐந்து நாட்களாகின்றன. எலிக்குஞ்சை முகர்ந்தும் பார்க்கவில்லை. பட்டினியால் இறந்துவிடுமா?

பதில்: இறக்காது. முட்டைக்குள் அதற்கு உணவாக இருந்த மஞ்சள் கருவின் மிச்சம் அதன் வயிற்றில் இருப்பதால், முதல் சட்டையை உரிக்கும்வரை, அதாவது ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாள், அதற்கு இரை தேவையில்லை. தண்ணீரும் ஒளிந்துகொள்ள இடமும் கொடுங்கள், கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: சட்டை உரித்து மூன்று வாரமாகியும் எதையும் தொடவில்லையே?

பதில்: முதலில் வெப்பத்தைப் பாருங்கள். பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்த குட்டிக்குச் செரிமானமும் இல்லை, பசியும் இல்லை. அடுத்தது வாசனை. அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளில் இந்தக் குட்டிகள் பெரும்பாலும் சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையும் தின்று வளர்வதால், சில குட்டிகளுக்கு எலியின் வாடை இரையின் வாடையாகவே படுவதில்லை. உறைநிலையிலிருந்து எடுத்து இளக்கிய எலிக்குஞ்சை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, காற்றுத் துளையிட்ட சிறு டப்பாவில் குட்டியோடு வைத்து, இரவு முழுவதும் இருட்டில் விட்டுவிடுங்கள். பலிக்காவிட்டால் அடுத்த முறை, நன்றாக உறையவைத்த பல்லியின் தோலை எலிக்குஞ்சின்மீது தேய்த்துக் கொடுங்கள். உறையவைக்காத பல்லியால் ஒட்டுண்ணிகள் வரக்கூடும். அதற்கும் மசியாவிட்டால், செத்த குஞ்சின் மண்டையைச் சற்றே கீறிவிடுங்கள். ஆர்வம் வந்த குட்டி நாக்கை மெதுவாக நீட்டியபடி, மூக்கால் குஞ்சின் உடலை வருடிக்கொண்டே தலைப்பக்கம் போகும். அந்த நேரத்தில் நீங்கள் மூச்சு விடுவதுகூட அதற்குத் தெரியக்கூடாது. ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் ஐந்து நாளாவது இடைவெளி தேவை.

கேள்வி: இத்தனை சுற்று எதற்கு? முதல் மறுப்பிலேயே வாயைத் திறந்து ஊட்டிவிடுவதுதான் என் வழக்கம்.

பதில்: அந்த வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சில கிராம் எடையுள்ள உயிரின் தாடையும் தொண்டையும் எளிதில் காயப்படும். அஞ்சிய குட்டி விழுங்கியதைக் கக்கிவிட்டால் முன்பைவிட மெலிந்துபோகும்.

கேள்வி: காத்திருந்து இறந்துபோனால் யார் பொறுப்பு?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை தொடர்ந்து குறைந்து முதுகெலும்பு துருத்தத் தொடங்கினால், ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் கற்றுத்தரும் முறையில், குஞ்சின் தலையை மட்டும் வாயில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தாலே பல குட்டிகள் தாமாக விழுங்கிவிடும். திணிப்பது அதற்கும் பிந்தைய, கடைசி வழி.

கேள்வி: பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு இனத்தின் குட்டிக்கும் இதே முறையா?

பதில்: அது உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணர்வது, இரையின் தலையைச் சூடாக்கிக் கொடுங்கள். மற்றதை அந்த இனத்தை வளர்ப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: பாம்புக்குட்டிக்குக் குடிக்கப் பசும்பால் வைக்கலாமா?

பதில்: கூடாது. தண்ணீர் மட்டும்.

கேள்வி: பிறந்து நான்கு நாளான குட்டி சாப்பிடவில்லை.

பதில்: முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன். சட்டை உரிக்கட்டும். கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: மதுரையில் எங்கள் தோட்டத்தில் கிடைத்த பாம்புக்குட்டியை டப்பாவில் வைத்திருக்கிறேன். என்ன கொடுக்கலாம்?

பதில்: எதுவும் கொடுக்க வேண்டாம். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது; அது கண்ணாடிவிரியன் குட்டியாகவும் இருக்கலாம், குட்டிக்கும் நஞ்சு உண்டு. டப்பாவைத் திறக்காமல் இன்றே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.