கிளாஸ் சத்தத்துக்கு நடுவே

வணக்கம்.

வீட்டுக்குப் பக்கத்து பாரில் ஜாஸ் வாசிக்கிறார்கள் என்று நண்பர் இழுத்துக்கொண்டு போனார். பியானோ, டபுள் பாஸ் (ஆளுயர வயலின் மாதிரி இருக்குமே, அது), டிரம்ஸ், மூன்றே பேர். முதல் ஒரு நிமிடம் நல்ல மெட்டு. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பாட்டு முடிவதற்குள் கை தட்டுகிறார்கள். பக்கத்து மேசையில் ஓயாத பேச்சு, சிரிப்பு. எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. இதைக் கேட்க ஏதாவது படித்துவிட்டுப் போக வேண்டுமா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

படிக்க வேண்டாம், முணுமுணுக்கத் தெரிந்தால் போதும்.

அவர்கள் ஆளுக்கொரு பக்கம் போகவில்லை. நீங்கள் முதலில் கேட்ட மெட்டு, பல பாட்டுகளில் 32 பார் நீளம் இருக்கும் (இந்த பாரில் குடிக்க முடியாது, பெரும்பாலும் நாலு தட்டு கொண்ட ஓர் அளவு, அவ்வளவுதான்). எட்டெட்டாக நாலு துண்டு. மூன்றாவது மட்டும் வேறு மெட்டு, மற்றவை ஏறக்குறைய ஒன்றே. மெட்டை ஒருமுறை வாசித்ததும் அதை விட்டுவிடுவார்கள். ஆனால் அதன் அடியில் இருந்த கார்டுகள் (chords, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டங்கள்) அதே 32 பாரில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றின் மேல்தான் பியானோக்காரர் அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிக்கிறார். கடைசியில் மூவரும் பழைய மெட்டில் சேர்ந்து வந்து இறங்குவார்கள். வழி தவறிப்போனவர்களால் அப்படி ஒன்றாக வந்து சேர முடியுமா?

அதனால் மெட்டு நின்ற பிறகும் நீங்கள் அதை மனதுக்குள் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருங்கள். மூன்றாவது துண்டு வரும்போது பியானோவின் நிறம் மாறுவது தானாகவே கேட்கும். நான் பல வருடம் வாசிப்பவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்து இதைத் தவறவிட்டவன். நாலு பார் பியானோ, நாலு பார் டிரம்ஸ் என்று மாற்றி மாற்றி வாசிக்கும் இடம் வந்தால் அதுதான் பரீட்சை. டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும்போதும் பாட்டை விடாதீர்கள். பியானோ திரும்பும் இடத்தில் நீங்களும் இருந்தால் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கை தட்டல், ஒருவர் தன் முறையை முடித்ததற்கு. பிடித்தால் தட்டுங்கள்.

பேச்சுச் சத்தத்துக்கு வருகிறேன். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு என்ற நிலவறைக் கிளப்பில் பில் எவான்ஸ் (பியானோ), ஸ்காட் லஃபாரோ (பாஸ்), பால் மோஷன் (டிரம்ஸ்) மூவரும் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். அதிலும் கிளாஸ் மோதுகிறது, யாரோ பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். பதினோரு நாள் கழித்து பாஸ் வாசித்த லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. முன்பெல்லாம் அந்தச் சிரிப்பின் மேல் எனக்குக் கோபம் வரும். இப்போது அது இல்லாமல் அந்தப் பதிவை என்னால் நினைக்கவே முடிவதில்லை.

சரி, பக்கத்து மேசைக்காரர்களை விடுங்கள். அடுத்த முறை பாஸ் வாசிப்பவருக்கு அருகில் இடம் பிடியுங்கள். அவர் தனியாக வாசிக்கும்போதுதான் பார் முழுக்கப் பேச்சு கூடும்.