கிரேக்கர்களும் இயற்பியலும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: "எல்லாம் தண்ணீர்" என்று சொன்ன தேலீஸைப் போய் முதல் இயற்பியலாளர் என்கிறார்களே, எப்படி சார்?

பதில்: தண்ணீரை விடுங்கள், அது தப்பான விடைதான். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் நிலம் நடுங்கினால் கடல் தெய்வம் பொசைடனுக்குக் கோபம் என்பார்கள். தேலீஸோ, பூமி தண்ணீர்மேல் கட்டை மாதிரி மிதக்கிறது, தண்ணீர் ஆடினால் அதுவும் ஆடும் என்றார். தெய்வத்தை விட்டு இயற்கையிலேயே காரணம் தேடினாரே, அதனால்தான் அந்தப் பெயர். அவருக்கு அடுத்து அதே மிலேட்டஸ் ஊரில் (இன்று துருக்கியில் இருக்கிறது) வந்த அனாக்ஸிமாண்டர், பூமியை எதுவுமே தாங்கவில்லை, எல்லாப் பக்கமும் சம தூரம், எந்தப் பக்கம் சாயவும் காரணம் இல்லை, அதனால் நிற்கிறது என்றார். இந்த ஒரு வாதத்துக்காகவே எனக்கு தேலீஸைவிட இவரைப் பிடிக்கும்.

கேள்வி: உட்கார்ந்து யோசித்ததோடு சரியா, எதையாவது செய்து பார்த்தார்களா?

பதில்: அதே ஊர் அனாக்ஸிமெனிஸ் சொன்னதை இப்போதே செய்து பாருங்கள். உதட்டைக் குவித்து உள்ளங்கையில் ஊதினால் குளிர்ச்சி, வாயைத் திறந்து 'ஹா' என்று விட்டால் சூடு. காற்று இறுகினால் குளிரும், தளர்ந்தால் சூடாகும், அப்படி இறுகி இறுகித்தான் மேகம், நீர், மண், கல் எல்லாம் ஆகிறது என்றார். விளக்கம் தலைகீழ்! சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதே. குவித்து ஊதும்போது வேகமாகப் போகும் மூச்சு அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு வருவதால்தான் கை குளிர்கிறது. ஆனால் தப்பு என்று காட்ட உங்கள் கையே போதும் அல்லவா, பொசைடன் கோபத்தை எப்படிச் சோதிப்பீர்கள்?

கேள்வி: டெமாக்ரிடஸின் அணுவும் நம் அணுவும் ஒன்றா?

பதில்: இல்லை. அவர் சொன்ன 'அட்டோமோஸ்' வெட்டவே முடியாதது. நம்முடையதை எப்போதோ பிளந்துவிட்டோம்.

கேள்வி: கனமானது வேகமாக விழும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதைக் கலிலியோ வரை யாருமே எதிர்த்துக் கேட்கவில்லையாமே?

பதில்: கேட்டார்கள். கி.பி. 6ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்ட்ரியாவின் ஃபிலோபோனஸ், எடையில் பல மடங்கு வித்தியாசமுள்ள இரண்டைப் போட்டாலும் விழும் நேரத்தில் வித்தியாசம் மிகக் குறைவு என்று எழுதிவிட்டார். அப்புறம், அரிஸ்டாட்டிலையும் ரொம்பத் திட்டாதீர்கள், ஒரே அளவுள்ள கோலிக்குண்டையும் இரும்புக் குண்டையும் தண்ணீரில் போட்டால் இரும்புதான் முந்தும்.

கேள்வி: இலங்கையில் நாங்கள் பௌதிகவியல் என்கிறோம், அங்கே இயற்பியல். கிரேக்கச் சொல்லுக்கு எது பக்கம்?

பதில்: 'ஃபிசிஸ்' என்றால் இயற்கை, அதன் வேர் முளைத்தல், வளர்தல். அதனால் இயற்பியல்தான். பௌதிகம் பூதத்திலிருந்து வந்தது; மண், நீர், காற்று, தீ என்று நான்கே வைத்த எம்பெடோக்ளிஸ் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவார், என்ன, ஆகாயத்தைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்.